கொரோனா வந்தபோது உங்கள் வார்டு கவுன்சிலர் யார்? காலியாகக் கிடந்த 200 நாற்காலிகளின் கதை

ஒரு சின்ன டெஸ்ட். 2020 ஏப்ரல், லாக்டவுன் உச்சத்தில் இருந்த நேரம். சென்னையில் அப்போது உங்கள் வார்டு கவுன்சிலர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெயர் ஞாபகம் வரவில்லையா? உங்கள் மேல் தப்பில்லை. அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

2016 அக்டோபர் கடைசியில் பழைய மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு 2022 மார்ச் 2-ம் தேதி புதிய கவுன்சிலர்கள் பதவியேற்கும்வரை சென்னை மாநகராட்சியில் மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை, மாமன்றக் கூட்டம் இல்லை. ஐந்து வருஷத்துக்கும் மேல். கொரோனாவின் முதல் அலை, இரண்டாம் அலை, ஒமைக்ரான் அலை மூன்றுமே இந்த இடைவெளிக்குள்தான் வந்துபோயின.

அதை இப்போ ஏன் பேசணும்? காரணம் இருக்கிறது. இப்போதைய மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. போன முறையும் இதேதான் சொன்னது.

*நாற்காலிகள் எப்படிக் காலியாகின?*

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் தமிழ்நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தல் என்று அறிவிப்பு வந்தது. வேட்புமனு தாக்கல்கூட முடிந்துவிட்டது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு விதிப்படி இல்லை என்று வழக்கு போக, அக்டோபர் 4-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, மேல்முறையீடு என்று இழுத்துக்கொண்டே போனது. கிராமப்புற உள்ளாட்சிகளில் பெரும்பகுதிக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னைக்கு இது புதுசும் இல்லை. 1688-ல் தொடங்கிய, இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி இது. 1973-ல் மஸ்டர் ரோல் ஊழல் புகாரில் மாமன்றம் கலைக்கப்பட்ட பிறகு, அடுத்த தேர்தல் 1996-ல்தான் வந்தது. 23 வருஷம்! ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்றால் யாரென்று தெரியாமல் வளர்ந்திருக்கிறது.

அந்த 23 வருஷத்துக்கும் 2016-க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நடுவில் 74-வது அரசமைப்புத் திருத்தம் வந்துவிட்டது. 1993-ல் நடைமுறைக்கு வந்த இந்தத் திருத்தத்தில் 243-யு என்று ஒரு பிரிவு. முதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுதான் ஒரு மாமன்றத்தின் ஆயுள், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். விலக்குக்கு இடம் தராத வாசகம். ஆனாலும் நடந்தது இதுதான்.

*சரி, அப்போ முடிவெல்லாம் யார் எடுத்தாங்க?*

தனி அலுவலர். மாமன்றம் இல்லாதபோது அதன் அதிகாரம் முழுவதையும் அரசு நியமிக்கும் ஒரு அதிகாரியிடம் கொடுப்பது வழக்கம். சென்னையில் அந்த அதிகாரி, மாநகராட்சி ஆணையரேதான். கொரோனா காலத்தின் பெரும்பகுதியில் ஜி.பிரகாஷ், 2021 மே முதல் ககன்தீப் சிங் பேடி.

சாதாரணமாக எப்படி நடக்கும்? ஆணையர் ஒரு திட்டத்தைக் கொண்டுவருவார். மாமன்றம் அதைக் கேள்வி கேட்கும், கத்தும், வெளிநடப்பு செய்யும், கடைசியில் ஒப்புதல் கொடுக்கும். தனி அலுவலர் ஏற்பாட்டில் ஆணையர் என்ற முறையில் ஒருவர் கையெழுத்திட்டு அனுப்புகிற கோப்பை, தனி அலுவலர் என்ற முறையில் அதே நபர் வாங்கி ஒப்புதல் கையெழுத்து போடுவார். நடுவில் யாரும் கிடையாது.

பெருந்தொற்றுக்கு இது நல்லதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 200 பேரைக் கூட்டி விவாதித்துக்கொண்டிருந்தால் வைரஸ் காத்திருக்குமா?

உண்மையில் முதல் அலையில் மாநகராட்சியின் வேகம் சாதாரணமானது இல்லை. சென்னையில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாநகராட்சியின் கையில் இருக்கின்றன. இது பெரிய பலம். 2020 மே மாதத்தில் அந்த நிலையங்களிலிருந்து டாக்டர்களையும் செவிலியர்களையும் தெருவுக்குக் கொண்டுவந்து காய்ச்சல் முகாம்களைத் தொடங்கினார்கள். தெருமுனையில் ஒரு ஷாமியானா, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெப்பமானி, ஒரு ஆக்சிமீட்டர். சந்தேகம் இருந்தால் அங்கேயே சளி மாதிரி எடுத்துவிடுவார்கள். கபசுரக் குடிநீர், ஜிங்க் மாத்திரை கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தவர்கள்கூட இந்த ஷாமியானாவுக்கு வந்தார்கள்.

கூடவே வீடு வீடாகப் போகிற ஊழியர்கள். தினமும் காலையில் கேட்டைத் தட்டி, 'வீட்ல யாருக்காவது காய்ச்சல், இருமல் இருக்கா?' என்று கேட்ட அந்த அக்காக்களை மறந்திருக்க மாட்டீர்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கு மளிகை, மருந்து வாங்கித்தர 'ஃபோகஸ்' என்ற பெயரில் தன்னார்வலர்கள். ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் தீவிர ஊரடங்கு. ஜூன் 30-ம் தேதி சென்னையில் ஒரே நாளில் 2,393 பேருக்குத் தொற்று. ஜூலை நடுவில் அது 1,300 அளவுக்கு இறங்கியது. அதுவும் டெஸ்ட் எண்ணிக்கையைக் குறைத்து இல்லை, கூட்டி. ஆகஸ்டில் சென்னையில் மட்டும் தினமும் பத்தாயிரத்துக்கும் மேல் பரிசோதனை நடந்தது. ஊரடங்குக்கு எவ்வளவு பங்கு, முகாம்களுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால், சும்மா பூட்டிவைத்துவிட்டுக் காத்திருந்த நகரம் இல்லை இது.

எனவே 'கவுன்சிலர் இல்லை, அதனால் மாநகராட்சி தோற்றது' என்று எழுதினால் அது பொய். எங்கே இடித்தது என்று பார்ப்போம்.

*சோறு யார் மூலம் போகணும்?*

லாக்டவுன் தொடங்கி மூன்றாவது வாரம். தன்னார்வ அமைப்புகளும் கட்சிக்காரர்களும் தெருவில் நேரடியாக உணவு, அரிசி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் சேருகிறது, தொற்று பரவும் என்று சொல்லி 2020 ஏப்ரல் 12-ம் தேதி அதற்குத் தமிழக அரசு தடை போட்டது. கொடுக்க விரும்பினால் அதிகாரிகளிடம் கொடுங்கள், நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம் என்றார்கள். எதிர்க்கட்சிகள் நீதிமன்றம் போயின. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, சில பேர் மட்டும் போய் கொடுக்கலாம் என்று சில நாட்களிலேயே உயர் நீதிமன்றம் வழிவிட்டது.

அதிகாரிகளின் பயம் பொய்யில்லை. ஆனால் எந்தச் சந்தில் எந்த வீட்டில் ரேஷன் கார்டு இல்லாத குடும்பம் இருக்கிறது, எந்தக் கட்டடத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் அடைந்து கிடக்கிறார்கள் என்ற விவரம் மண்டல அலுவலகத்தின் கோப்பில் இருக்காது. அது வார்டில் தினமும் சுற்றுகிற ஆளுக்குத் தெரியும். ஓட்டுக்காகத்தான் தெரிந்துவைத்திருப்பார், இருக்கட்டுமே.

அந்தக் குறையை ஓரளவு சமாளித்தது அம்மா உணவகம். மாநகராட்சியே நடத்துகிற நானூறுக்கும் மேற்பட்ட கிளைகள் லாக்டவுனிலும் மூடாமல் இயங்கின. ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம். ஜூன் தீவிர ஊரடங்கில் அதையும் இலவசமாகவே கொடுத்தார்கள். 2013-ல் அரசியல் கணக்கோடு தொடங்கிய ஒரு திட்டம் ஒரு பெருந்தொற்றில் நகரத்தின் சமையலறையாக மாறும் என்று யாரும் திட்டமிடவில்லை.

*கோயம்பேடு: அது மாநகராட்சியோட மார்க்கெட்டா?*

இல்லை. பலருக்கும் இது தெரியாது. கோயம்பேடு மொத்த விற்பனைச் சந்தை, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ-வின் கீழ் இயங்கும் ஒரு நிர்வாகக் குழுவின் பொறுப்பில் இருக்கிறது. சுற்றியுள்ள தெருக்களின் சுகாதாரம் மாநகராட்சி. பாதுகாப்பு போலீஸ். முடிவு அரசு.

2020 ஏப்ரல் 24-ம் தேதி, 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. மறுநாளே ஊர் மொத்தமும் காய்கறி வாங்கக் கிளம்பியது. சந்தையைப் பிரித்து வேறு இடங்களுக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் முன்பே பேசியிருந்தார்கள், வியாபாரிகள் ஏற்கவில்லை. மே 5-ல் சந்தையை மூடியபோது தாமதமாகிவிட்டது. இங்கே மூட்டை தூக்கிய தொழிலாளர்கள் கடலூர், அரியலூர், விழுப்புரம், பெரம்பலூர் என்று சொந்த ஊர்களுக்குத் திரும்பியிருந்தார்கள். அந்த மாவட்டங்களின் எண்ணிக்கை மே முதல் வாரத்தில் திடீரென எகிறியது. சந்தை திருமழிசைக்குப் போய், மறுபடியும் கோயம்பேட்டில் காய்கறிக் கடைகள் திறந்தது செப்டம்பர் 28-ல்.

இதில் கவுன்சிலர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நேர்மையாகச் சொன்னால், பெரிதாக எதுவும் ஆகியிருக்காது. சந்தை அவர் கையில் இல்லை. நம் நகரங்களில் ஒரே இடத்துக்கு நாலு எஜமானர்கள் இருப்பது கவுன்சிலர் வந்தாலும் தீராத பிரச்சினை. மாமன்றம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் கோயம்பேட்டைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

*ஒரு பழைய பதிவேடு காட்டிக்கொடுத்த கணக்கு*

எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமாகப் படும் பகுதி இது.

அரசமைப்புச் சட்டத்தின் 12-வது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கு உரிய 18 பொறுப்புகள் இருக்கின்றன. பொதுச் சுகாதாரம் அதில் ஒன்று. சுடுகாடு, இடுகாடு இன்னொன்று. பிறப்பு, இறப்பு பதிவு மற்றொன்று. அதாவது கொரோனாவில் ஒருவர் இறந்தால், அவரை அடக்கம் செய்யும் இடமும் அவர் இறந்தார் என்று எழுதும் பதிவேடும் மாநகராட்சியுடையவை. ஆனால் தினமும் மாலையில் டிவியில் வரும் இறப்பு எண்ணிக்கை, மாநில சுகாதாரத் துறையுடையது.

2020 ஜூனில் இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பது வெளியே வந்தது. மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்த நூற்றுக்கணக்கான கொரோனா மரணங்கள் மாநிலப் பட்டியலில் இல்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்து சுகாதாரத் துறைக்கு வரவேண்டிய தகவல் வரவில்லை. ஆனால் உடல் சுடுகாட்டுக்குப் போயிருக்கிறது, பதிவும் நடந்திருக்கிறது. அரசு ஒரு குழு அமைத்தது. ஜூலை 22-ம் தேதி, விடுபட்டிருந்த 444 மரணங்கள் ஒரே நாளில் மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன.

444 என்பது வெறும் டேட்டா திருத்தம் இல்லை. மறு ஆண்டு, உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் உதவித்தொகை என்று முடிவானது. அதை வாங்க 'கொரோனா மரணம்' என்று காட்டும் ஆவணம் வேண்டும். பட்டியலில் விடுபட்ட ஒரு பெயர் என்பது ஒரு குடும்பத்துக்கு விடுபட்ட 50,000 ரூபாய்.

தவறைக் காட்டிக்கொடுத்தது எந்த ஆப்பும் இல்லை, எந்த டேஷ்போர்டும் இல்லை. பதிவாளர் அலுவலகத்தில் வழக்கம்போல எழுதப்பட்ட பதிவேடு. ஒரு உள்ளாட்சி தன் அன்றாட வேலையை ஒழுங்காகச் செய்தாலே அது மேலே உள்ள அரசைச் சரிபார்க்கும் கருவியாகிவிடும். ஆனால், அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'எண்ணிக்கை ஏன் ஒத்துப்போகவில்லை?' என்று பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் உரிமை உள்ள ஒரு மன்றம் அப்போது ரிப்பன் மாளிகையில் இல்லை. பத்திரிகைகள் கேட்டன, எதிர்க்கட்சிகள் கேட்டன. ஆணையரால் அரசைக் கேட்டிருக்க முடியுமா? அவரை நியமித்ததே அரசுதான்.

*தகரம் அடித்த வீடுகள்*

பாசிட்டிவ் வந்த வீட்டின் முன்னால் தகரம். கதவில் போஸ்டர். தெரு முனையில் சவுக்குக் கம்பு. இதை அனுபவித்தவர்கள் நிறைய பேர். டெஸ்ட் எடுக்கவே பயந்தவர்கள் இன்னும் நிறைய. தொற்றைவிட தகரத்துக்குப் பயந்து காய்ச்சலை மறைத்தால், காய்ச்சல் முகாம் போட்டு என்ன பயன்? ஒரு பக்கம் நம்பிக்கையைக் கட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் அதே நிர்வாகம் அதை உடைத்துக்கொண்டிருந்தது.

இதற்கு ஒரு விடிவு வர டிசம்பர் ஆனது. உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி உத்தரவிட்டாலொழிய வீடுகளில் போஸ்டர் ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பர் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு தெருப் பிரச்சினை டெல்லி வரை போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் கவுன்சிலர். அவர் வீட்டு வாசலில் நாலு பேர் போய் சத்தம் போட்டிருந்தால், மறுவாரம் மாமன்றத்தில் அது எதிரொலித்திருக்கும். தகரத்துக்கு எவ்வளவு செலவானது, யாருக்கு ஒப்பந்தம் என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும்.

காலியாக இருந்த இடத்தை அரசு வேறு விதமாக நிரப்பப் பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மே தொடக்கத்தில் ஜெ.ராதாகிருஷ்ணன் சென்னைக்கான சிறப்பு அதிகாரி. ஜூனில் மண்டலங்களைக் கவனிக்க ஐந்து அமைச்சர்கள்: ஜெயக்குமார், காமராஜ், ஆர்.பி.உதயகுமார், கே.பி.அன்பழகன், எம்.ஆர்.விஜயபாஸ்கர். இவர்களில் ஜெயக்குமாரைத் தவிர மற்ற நால்வரின் தொகுதிகள் திருவாரூர், மதுரை, தர்மபுரி, கரூர் மாவட்டங்களில். சென்னையின் வார்டுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அரசுக்கே தெரிந்திருந்தது. ஆனால் அனுப்பியது பாலக்கோட்டிலிருந்தும் நன்னிலத்திலிருந்தும்.

*மற்ற ஊர்களில்?*

மும்பையில் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இருந்தது. மேயர் கிஷோரி பெட்னேகர் முன்னாள் செவிலியர், 2020 ஏப்ரலில் மறுபடியும் சீருடை போட்டு நாயர் மருத்துவமனைக்குப் போனார். ஆனால் அங்கேயும் ஓட்டியது ஆணையர்தான். 24 வார்டுகளுக்கும் தனித்தனி வார் ரூம் அமைத்துப் படுக்கைகளைப் பிரித்துக் கொடுத்த ஏற்பாடு, ஆணையர் இக்பால் சிங் சஹல் காலத்தில் பேர் வாங்கியது. பெங்களூரில் கதை இன்னும் மோசம். முதல் அலைக்கு நடுவிலேயே, 2020 செப்டம்பரில், மாமன்றத்தின் காலம் முடிந்து போனது, தேர்தல் வரவில்லை. கேரளம் மட்டும் வேறு பாதை. சமூக சமையலறைகளை உள்ளாட்சிகள் நடத்தின, முதல்நிலை சிகிச்சை மையங்களில் அவற்றுக்குப் பங்கு இருந்தது. அதே கேரளம் 2020 டிசம்பரில், கொரோனாவுக்கு நடுவிலேயே உள்ளாட்சித் தேர்தலையும் நடத்திக் காட்டியது. 'தொற்று காரணமாகத் தள்ளிவைக்கிறோம்' என்ற சாக்குக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

*இப்போ கவுன்சிலர்கள் இருக்காங்களே, அடுத்த தடவை சரியாகிடுமா?*

அவ்வளவு சுலபமாக ஆமாம் சொல்ல முடியவில்லை.

2022 மார்ச் 4-ம் தேதி 28 வயதில் ஆர்.பிரியா மேயரானார். அதே ஆண்டு வார்டு குழு, ஏரியா சபைக்கான விதிகள் வந்தன. நவம்பர் 1-ல் முதல் ஏரியா சபைகள் கூடின. கிராமசபை போல நகரத்திலும் குடிமக்கள் உட்கார்ந்து பேசும் இடம் இது. உங்கள் தெருவுக்கான ஏரியா சபைக்கு ஒரு தடவையாவது போயிருக்கிறீர்களா? நானும் ஆபீஸில் நாலு பேரைக் கேட்டேன். இரண்டு பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இன்னொரு விஷயம், இது சட்டத்திலேயே இருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன்படி மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர், உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத் தலைவர். மக்கள் பிரதிநிதிக்கு ஒரு நாற்காலி அங்கே இருந்தது. 2025-ல் வந்த திருத்தம், மாநகராட்சி உள்ள பெருநகரங்களுக்குத் தனியாக நகர்ப்புறப் பேரிடர் ஆணையத்தை உருவாக்க வழி செய்கிறது. அதற்குத் தலைவர் மாநகராட்சி ஆணையர், துணைத் தலைவர் மாவட்ட ஆட்சியர். மேயர்? சட்டம் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மற்ற உறுப்பினர்களை மாநில அரசு முடிவு செய்யும், மனசு வைத்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

மாமன்றம் இருந்தாலே எல்லாரும் காப்பாற்றப்படுவார்கள் என்றும் இல்லை. கொரோனா காலத்தில் முகக்கவசம் மட்டும் போட்டுக்கொண்டு குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர்களில் ஒரு பகுதியினர்தான் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து. 'அன்னிக்கு எங்களைக் கைதட்டிக் கூப்பிட்டீங்களே' என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். உள்ளே, இந்த முறை, 200 கவுன்சிலர்களுக்கான நாற்காலிகள் இருந்தன. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது.

வித்தியாசம் ஒன்று உண்டு. 2025-ல் யார் ஓட்டுப் போட்டு வந்தவர்கள், அந்த இரண்டு மண்டலங்களின் கவுன்சிலர்கள் யார், மாமன்றத்தில் யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று பெயரோடு கேட்க முடிகிறது. தகரத்துக்கும் 444-க்கும் அப்படிக் கேட்க ஒரு பெயர்கூட நம்மிடம் இல்லை.

மார்ச் 2027-க்கு முன்னால் வாக்காளர் பட்டியல், வார்டு இடஒதுக்கீடு, தேர்தல் அறிவிப்பு என்று மூன்று வேலைகள் முடிய வேண்டும். போன முறை சிக்கியது இடஒதுக்கீட்டில். அந்த அறிவிப்பு எப்போது வருகிறது என்று கவனியுங்கள்.